கோர்ட்டில் ஜெயித்தது வோடஃபோன்... சட்டத்தையே மாற்றியது அரசு! வரி போடும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா?

2012 ஜனவரி 20. சுமார் 11,000 கோடி ரூபாய் கேட்டு நின்ற வருமான வரித்துறை, உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஜெயித்தது வோடஃபோன். வழக்கு நடந்தபோது அந்த நிறுவனம் டெபாசிட் செய்திருந்த 2,500 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அரசின் மறுசீராய்வு மனுவும் அதே ஆண்டு மார்ச்சில் தள்ளுபடியானது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மே 28-ம் தேதி ஒரு சட்டத்திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. வோடஃபோன் செய்தது போன்ற டீலுக்கு இந்தியாவில் வரி உண்டு என்றது அந்தத் திருத்தம். எப்போதிலிருந்து? அன்றிலிருந்து அல்ல. 1962 ஏப்ரல் 1-லிருந்து!

மேட்ச் முடிந்து கப்பையும் கொடுத்த பிறகு, "ரூல்ஸை மாத்திட்டோம், நீங்க அவுட்" என்று சொன்ன மாதிரி. அரசு இப்படிச் செய்யலாமா? செய்தால் யார் தடுப்பது? மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்தம் ஆகும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி முக்கியம். ஏனென்றால் அரசின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதற்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

வரியைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒரு வரி

சம்பளம் அக்கவுன்ட்டுக்கு வருவதற்கு முன்பே டிடிஎஸ் பிடித்துவிடுகிறார்கள். எந்த உரிமையில்? அரசியலமைப்பின் 265-வது பிரிவு தரும் உரிமையில். அந்தப் பிரிவு ஒரே ஒரு வாக்கியம்தான். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்கிறது அது.

'விதிக்க', 'வசூலிக்க' என்ற இரண்டு சொற்களையும் கவனிக்க வேண்டும். வரி விதிக்கச் சட்டம் வேண்டும். அமைச்சரின் பேச்சோ, அதிகாரியின் விருப்பமோ போதாது. வசூலிக்கும்போதும் அந்தச் சட்டம் சொன்ன வழியில்தான் போக வேண்டும். ஒருவர் கட்ட வேண்டிய வரியே என்றாலும், தவறான வழியில் வந்து கேட்க முடியாது.

யார் எந்த வரியைப் போடலாம் என்பதையும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. வருமான வரி மத்திய அரசுக்கு. விவசாய வருமானத்தின் மீதான வரி மாநிலங்களுக்கு. இதோடு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற 14-வது பிரிவும் சேர்ந்துகொள்கிறது.

ஆக, வரி வழக்குகளில் நீதிமன்றம் பார்ப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான். வரி போட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? இந்த வருமானம் சட்டத்தின் வார்த்தைகளுக்குள் வருகிறதா? நடைமுறை சரியாக, சமமாகப் பின்பற்றப்பட்டதா?

வரியை எதிர்த்து வேலை இழந்த மெட்ராஸ் கவர்னர்

இப்படிக் கேட்கும் உரிமை எப்போதுமே இருந்ததல்ல. இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி வந்தது 1860-ல். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு காலியாகிக் கிடந்த கஜானாவை நிரப்ப அதைக் கொண்டுவந்தவர், கவர்னர் ஜெனரல் கவுன்சிலின் நிதி உறுப்பினரான ஜேம்ஸ் வில்சன். லண்டனில் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவரும் இவரே.

அந்த வரித் திட்டத்தை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அப்போதைய மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன். தன் எதிர்ப்பை அரசுக் கோப்புக்குள் வைத்துக்கொள்ளாமல் பத்திரிகைகளுக்கும் போக விட்டார். விளைவு, பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். கவர்னருக்கே அந்தக் கதி என்றால் சாமானியர் என்ன செய்திருக்க முடியும்? வரி போட்டவர்களை இந்தியர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தச் சட்டத்தை உரசிப் பார்க்க அரசியலமைப்பும் இல்லை.

1950-க்குப் பிறகு நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொள்ளை லாபம் பார்த்து வரி ஏய்த்தவர்களைப் பிடிக்க 1947-ல் ஒரு தனிச் சட்டம் இயற்றி, விசாரணை ஆணையம் அமைத்திருந்தார்கள். மெட்ராஸ் வருமான வரி ஆணையரை எதிர்த்து எம்.சிடி. முத்தையா தரப்பு தொடுத்த வழக்கில், அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவை 1955 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே மாதிரியான புகாருக்கு ஆளானவர்களில் சிலருக்குச் சாதாரண வழி, சிலருக்கு மட்டும் கடுமையான வழி என்பது 14-வது பிரிவுக்கு விரோதம் என்பதே காரணம். ஏய்த்தவரைப் பிடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பிடிக்கும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது.

கேமன் தீவில் ஒரே ஒரு ஷேர்

இப்போது வோடஃபோனுக்கு வருவோம். எங்கே போனாலும் பின்னாலேயே நாய்க்குட்டி ஓடிவரும் ஹட்ச் விளம்பரம் நினைவிருக்கிறதா? அந்த ஹட்ச்தான் 2007-ல் வோடஃபோன் ஆனது.

ஆனால், இந்தியாவில் இருந்த ஹட்ச் கம்பெனியின் ஷேர்களை வோடஃபோன் நேரடியாக வாங்கவில்லை. ஹாங்காங்கின் ஹட்சிசன் குழுமத்துக்கு கேமன் தீவில் சிஜிபி என்றொரு நிறுவனம் இருந்தது. அதன் ஒரே ஒரு ஷேரை வோடஃபோனின் நெதர்லாந்து நிறுவனம் வாங்கியது. சிஜிபியின் கீழே அடுக்கடுக்காகப் பல கம்பெனிகள். கடைசி அடுக்கில் இந்திய ஹட்ச். மேலே ஒரு ஷேர் கைமாறியதும், கீழே இந்தியத் தொழிலில் சுமார் 67% பங்கும் கைமாறிவிட்டது. டீலின் மதிப்பு சுமார் 11 பில்லியன் டாலர்.

விற்றவர், வாங்கியவர் இருவருமே வெளிநாட்டு நிறுவனங்கள். விற்ற ஷேரும் வெளிநாட்டில். லாபம் கிடைத்தது விற்ற ஹட்சிசனுக்கு. அப்படியென்றால் வோடஃபோனிடம் ஏன் வரி கேட்டார்கள்? நம் சம்பளத்தில் கம்பெனி டிடிஎஸ் பிடிப்பதைப் போல, ஹட்சிசனுக்குப் பணம் கொடுக்கும்போதே வோடஃபோன் வரியைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும் என்பது வருமான வரித்துறையின் வாதம்.

அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஒற்றை ஷேருக்கு அவ்வளவு விலை கிடைத்தது இந்திய வாடிக்கையாளர்களாலும், இந்திய அரசு கொடுத்த லைசென்ஸாலும்தான். இங்கே உருவான மதிப்பில் வந்த லாபத்துக்கு இங்கேயும் வரி இல்லை, கேமன் தீவிலும் வரி இல்லை என்றால், மாதச் சம்பளக்காரர் மட்டும் ஏமாளியா? 2010 செப்டம்பரில் பாம்பே உயர் நீதிமன்றம் அரசின் பக்கம்தான் நின்றது.

உச்ச நீதிமன்றம் வேறு கேள்வி கேட்டது. இப்படி வரி போடுவது நியாயமா என்பதை விடுங்கள். சட்டத்தில் அது எழுதியிருக்கிறதா? 'இந்தியாவில் இருக்கும் சொத்தை' மாற்றிக் கொடுத்தால் வரி என்றுதான் 9-வது பிரிவு சொன்னது. வெளிநாட்டு ஷேர் வழியாக மறைமுகமாக மாற்றினால் என்ன என்பது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இல்லாத வார்த்தையை நீதிமன்றம் சேர்த்துப் படிக்க முடியாது என்றது தலைமை நீதிபதி எஸ்.ஹெச்.கபாடியா தலைமையிலான அமர்வு. மறைமுக மாற்றத்துக்கும் வரி போட 2010-ல் அரசே தனியாக ஒரு மசோதா கொண்டு வந்திருந்ததையும் சுட்டிக்காட்டியது. ஏற்கெனவே சட்டத்தில் இருந்தால் புதிதாக எதற்கு மசோதா?

265-வது பிரிவு சொன்னது அப்படியே நடந்தது. சட்டத்தில் இல்லை, அதனால் வரி இல்லை.

'அப்படியா? அப்ப சட்டத்துலயே எழுதிடுவோம்!'

தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 16 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி திருத்தத்தைக் கொண்டு வந்தார். வெளிநாட்டு ஷேரின் மதிப்பு பெருமளவில் இந்தியச் சொத்துகளிலிருந்து வந்தால், அந்த ஷேரே இந்தியாவில் இருப்பதாகக் கருதப்படும். எப்போதுமே அப்படிக் கருதப்பட்டு வந்ததாகவும் எடுத்துக்கொள்ளப்படும். புதிய வரி இல்லை, இருந்த சட்டத்துக்கு விளக்கம் மட்டுமே என்றது அரசு. எந்த நீதிமன்றத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் பழைய வரி நோட்டீஸ்கள் செல்லும் என்று தனியாக ஒரு பிரிவையும் சேர்த்தார்கள்.

முன்தேதியிட்டுச் சட்டம் போடலாமா? இங்கேதான் பலருக்கும் ஆச்சரியம். போடலாம். நேற்று குற்றமாக இல்லாத செயலுக்கு இன்று சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20-வது பிரிவு தடுக்கிறது. ஆனால் அது குற்றவியல் சட்டத்துக்கு மட்டும்தான். வரிச் சட்டத்துக்கு அப்படியொரு நேரடித் தடை கிடையாது.

நீதிமன்றத் தீர்ப்பை நாடாளுமன்றம் "செல்லாது" என்று அறிவிக்க முடியாதுதான். ஆனால் தீர்ப்பு எந்தச் சட்ட வரியின் மீது நின்றதோ, அந்த வரியையே மாற்றி எழுதலாம். பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த வழி இது.

அமெரிக்காவில் நடந்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1894-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் போட்ட 2% வருமான வரியை, அரசியலமைப்புக்கு முரணானது என்று 1895-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் எதிர்ப் பக்கம். அதை மீறி வரி போட அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. 16-வது திருத்தம் நிறைவேறி முடிந்தது 1913-ல். அதாவது, சுமார் 18 ஆண்டுகள் காத்திருப்பு. வோடஃபோன் வழக்கில் தீர்ப்பு நின்றது சாதாரண சட்டத்தின் வார்த்தையில். அதனால் ஒரு நிதி மசோதாவே போதுமானதாக இருந்தது. வேலை நான்கு மாதத்தில் முடிந்தது.

பாரிஸ் வரை போன பஞ்சாயத்து

உள்நாட்டில் கதவு மூடியதும் வோடஃபோன் வேறு கதவைத் தட்டியது. நெதர்லாந்தும் இந்தியாவும் போட்டிருந்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில், முதலீட்டாளரை நியாயமாக நடத்துவோம் என்ற வாக்குறுதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020 செப்டம்பர் 25-ல் தீர்ப்பு வோடஃபோனுக்குச் சாதகமாக வந்தது.

மூன்று மாதத்தில் அடுத்த அடி. பிரிட்டனைச் சேர்ந்த கெய்ர்ன் எனர்ஜி, 2006-ல் தன் இந்தியத் தொழிலை மறுசீரமைப்பு செய்திருந்தது. அதற்காக இதே முன்தேதிச் சட்டத்தை வைத்து 10,247 கோடி ரூபாய் வரி கேட்டிருந்தார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. இந்தியாவில் கெய்ர்ன் வைத்திருந்த ஷேர்களைப் பறிமுதல் செய்து விற்றார்கள், டிவிடெண்டை எடுத்துக்கொண்டார்கள், வேறு கணக்கில் வர வேண்டிய ரீஃபண்டையும் நிறுத்தினார்கள். 2020 டிசம்பரில், 1.2 பில்லியன் டாலரும் வட்டியும் கொடுக்க வேண்டும் என்று இந்தியாவுக்கு எதிராக நடுவர் மன்றம் உத்தரவிட்டது.

இந்தியா உடனே கொடுக்கவில்லை. கெய்ர்ன், உலகெங்கும் இந்திய அரசின் சொத்துகளைத் தேட ஆரம்பித்தது. நியூயார்க்கில் ஏர் இந்தியா மீது வழக்கு போட்டது. 2021 ஜூலையில் பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 சொத்துகளை முடக்கப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் அனுமதியும் பெற்றது.

அடுத்த மாதமே காட்சி மாறியது. 2021 ஆகஸ்ட் 5-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் ஒரு மசோதாவைத் தாக்கல் செய்தார். 2012 மே 28-க்கு முன்பு நடந்த மறைமுக மாற்றங்களுக்கு வரி இல்லை. கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் வட்டி கிடையாது. எல்லா வழக்குகளையும் வாபஸ் வாங்க வேண்டும். மொத்தம் 17 வழக்குகள். நான்கு வழக்குகளில் வசூலாகியிருந்த சுமார் 8,100 கோடி ரூபாயில், 7,900 கோடி கெய்ர்னுடையது மட்டுமே.

ஒன்பது ஆண்டு இழுபறி. அரசுக்குக் கையில் நின்றது எதுவுமில்லை. "இந்தியாவில் சட்டம் எப்போது வேண்டுமானாலும் பின்னோக்கிப் போகும்" என்ற கெட்ட பெயர் மட்டும் மிஞ்சியது.

சரி, நமக்கு என்ன?

ஹேக், பாரிஸ் எல்லாம் வெளிநாட்டு முதலீட்டாளருக்கு. சென்னையிலோ கோவையிலோ ரிட்டர்ன் தாக்கல் செய்பவருக்கு எந்த ஒப்பந்தமும் துணைக்கு வராது. அவருக்கு இருப்பது 265-வது பிரிவும், சட்டம் சொன்ன நடைமுறையும்தான். அவை எந்த அளவுக்குக் காப்பாற்றும்? கொரோனா காலத்தில் ஒரு சோதனை நடந்தது.

முடித்துவைத்த பழைய ரிட்டர்னைத் திரும்பத் திறந்து வரி கேட்பதற்கு 148-வது பிரிவின் கீழ் நோட்டீஸ் அனுப்புவார்கள். எதற்காகத் திறக்கிறீர்கள் என்ற காரணத்தைக் கேட்டுப் பெறவும், அதற்கு ஆட்சேபம் சொல்லவும் வரி செலுத்துபவருக்கு உரிமை உண்டு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் இது சட்டமாகவே ஆனது. முதலில் '148ஏ' பிரிவின் கீழ் தகவலைக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். அதைப் பரிசீலித்த பிறகுதான் நோட்டீஸ்.

ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகும், கொரோனா கால அவகாச நீட்டிப்பைக் காட்டிப் பழைய முறையிலேயே நோட்டீஸ்கள் பறந்தன. ஒன்றிரண்டல்ல, சுமார் 90,000. நாடு முழுக்க 9,000-க்கும் மேற்பட்ட ரிட் மனுக்கள் தாக்கலாயின. அலகாபாத், டெல்லி, பாம்பே உள்ளிட்ட உயர் நீதிமன்றங்கள் நோட்டீஸ்களை ரத்து செய்தன.

2022 மே 4-ல் உச்ச நீதிமன்றம், புதிய நடைமுறைதான் பொருந்தும் என்று ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், தன் சிறப்பு அதிகாரமான 142-வது பிரிவைப் பயன்படுத்தி, அந்தப் பழைய நோட்டீஸ்களையே '148ஏ' விளக்க நோட்டீஸ்களாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. அரசுக்கு வர வேண்டிய வரி அப்படியே போய்விடக் கூடாது என்பது காரணம். நோட்டீஸ் பிழைத்தது. ஆனால் காரணத்தைக் கேட்கும் உரிமையும், பதில் சொல்லும் வாய்ப்பும் வரி செலுத்துபவருக்குத் திரும்பக் கிடைத்தன. பாதி வெற்றி.

எந்த வாதம் நிற்கும், எது நிற்காது?

"வருமான வரியே செல்லாது, நான் கட்ட மாட்டேன்" என்ற வாதம் பொதுவாக எடுபடுவதில்லை. வரிச் சட்டமே தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நம்பி ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருந்த ஓர் அமெரிக்க விமானியின் வழக்கு 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் புரியாமல் தவறு செய்தவருக்கு ஒரு நியாயம் உண்டு. சட்டமே செல்லாது என்று தானாக முடிவு கட்டியவருக்கு அது கிடையாது என்றது நீதிமன்றம். மறுவிசாரணையில் அவர் தண்டிக்கப்பட்டார்.

"ரெய்டு முறைப்படி நடக்கவில்லை, அதனால் கிடைத்த ஆவணமும் செல்லாது" என்ற வாதமும் இந்தியாவில் பலவீனமானது. சோதனையில் சட்ட மீறல் இருந்தாலும், அதில் கிடைத்த ஆதாரத்தைப் பயன்படுத்தலாம் என்று 1970-களில் வந்த பூரண் மல் வழக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டது.

நிற்கிற வாதங்கள் வேறு மாதிரியானவை. இந்த வருமானம் சட்டத்தின் வார்த்தைக்குள் வரவில்லை. காலக்கெடு முடிந்துவிட்டது. காரணம் சொல்லவில்லை. பதிலைப் படிக்காமலே ஆர்டர் போட்டார்கள். கேட்க டெக்னிக்கலாக இருக்கலாம். ஆனால் அரசின் அதிகாரத்துக்கு நடைமுறையில் எல்லை போடுபவை இவைதான்.

நோட்டீஸ் வந்தால்...

முதலில், அது உண்மையான நோட்டீஸா என்று பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களில் டிஐஎன் எனப்படும் அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. வருமான வரி இணையதளத்தில் லாகின் செய்யாமலே அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

அடுத்து, கெடுவுக்குள் எழுத்துபூர்வமான பதில். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டால், நல்ல வாதம் கையில் இருந்தும் தோற்க நேரிடும். ஆர்டர் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு. அதற்கு மேல் வருமான வரித் தீர்ப்பாயம். சட்டக் கேள்வி இருந்தால் உயர் நீதிமன்றம். மேல்முறையீடு செய்தாலே வசூல் தானாக நின்றுவிடாது என்பதும் முக்கியம். முதல் மேல்முறையீடு முடியும் வரை நிறுத்திவைக்கக் கேட்டால், பொதுவாக 20% தொகையைக் கட்டச் சொல்வார்கள்.

1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் கொண்டு வருமான வரிச் சட்டம், 2025 வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. 265-வது பிரிவு மாறவில்லை.

மாறாதது இன்னொன்றும் உண்டு. 2021-ல் அரசு விட்டுக்கொடுத்தது, அந்த ஒரு வகை வரியை மட்டும்தான். பின்தேதியிலிருந்து வரி போடும் அதிகாரத்தை நாடாளுமன்றம் கைவிடவில்லை. எந்த நீதிமன்றமும் அதைப் பறிக்கவில்லை. சட்டம் இல்லாமல் அரசு வரி வாங்க முடியாது. ஆனால் சட்டத்தை எழுதும் பேனாவும் நாடாளுமன்றப் பெரும்பான்மை உள்ள அரசின் கையில்தான் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகும் நோட்டீஸைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, ஒவ்வொரு பிப்ரவரியிலும் நிதி மசோதாவின் கடைசிப் பக்கங்களில் 'எந்தத் தேதியிலிருந்து' என்று எழுதியிருப்பதையும் கவனித்தாக வேண்டும்.